கரடி உள்ளிக்கு இரண்டு குளிர்காலம்

1

கிளிநொச்சியிலிருந்து மச்சான் போன கிழமை விதை கேட்டார். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. மகள் அனுப்பிய படம் ஒன்றை அவர் போனில் பார்த்திருக்கிறார். வெள்ளைப் பெட்டி, அதில் நிறையப் பச்சை இலை, நடுவில் வெள்ளைப் பூ. "அத்தான், இது என்ன கீரை? கொஞ்ச விதை அனுப்பிவிடுங்கோ, இஞ்சை போட்டுப் பாப்பம்" என்றார்.

அது கீரை இல்லை. உள்ளி, வெள்ளைப்பூண்டின் இனம். காட்டில் தானாக வளர்கிற உள்ளி. குமிழுக்காக வளர்ப்பதில்லை, இலைக்காக வளர்ப்பது. இங்கே இதற்குப் பெயர் கரடி உள்ளி. குளிர்காலம் முழுக்கத் தூங்கிய கரடி எழும்பி வந்து முதலில் இதைத்தான் தின்னுமாம். நான் கரடியைக் கேட்டுப் பார்க்கவில்லை.

கிளிநொச்சியில் இது முளைக்காது. குளிர் படாமல் இதன் விதை அசையாது. அதைச் சொன்னேன். மச்சான் விடவில்லை. அப்படியென்றால் எப்படி வளர்த்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கோ, வாசிகசாலை மலரில் போடலாம் என்றார்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். விதை போட்ட கதையை மட்டும் எழுதலாம் என்று இருந்தேன். எழுத உட்கார்ந்தால் மற்றதும் கூடவே வருகிறது. மற்றது என்னவென்றால், 2020 இல் என் மூக்குக்கு மணம் தெரியாமல் போனது. அதை நான் வீட்டில் மறைத்தேன். கரடி உள்ளியைப் போலவே இலை உள்ள நஞ்சுச் செடி ஒன்று இருக்கிறது. மணந்து பார்த்துத்தான் பிரிப்பார்கள். மணம் தெரியாத நான் இலையை வெட்டிச் சமைக்க வீட்டுக் குசினிக்குக் கொண்டுபோனேன்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

2

2010 இல் பாரிசுக்கு வந்தேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு அறை, ஆறு பேர். மனைவியும் இரண்டு வயதுப் பிள்ளையும் போருக்குப் பிறகு அடைத்திருந்த முகாமில் இருந்து வெளியே வந்து மச்சான் வீட்டில் இருந்தார்கள். அடுத்த வருசம் அகதிக் கார்ட் கிடைத்தது. கிடைத்த கிழமையே வேலைக்குப் போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன உணவகம். சட்டி கழுவுகிற வேலை.

முதலாளி ஒரு பெண். மதாம் ஒடில். அறுபது வயது இருக்கும். சமைப்பதும் அவர்தான், ஏசுவதும் அவர்தான். எனக்குப் பிரெஞ்சு வராது. வணக்கம், நன்றி, எங்கே, எத்தனை மணி. அவ்வளவுதான்.

முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்கள் நிறைய. மதாம் அடுப்படியில் நின்று என்னைப் பார்த்து "ஆய்" என்றார். எனக்கு ஆச்சரியம். அந்தச் சொல் எனக்கு விளங்கியது. எங்கள் பேச்சில் ஆய் என்றால் பறி, கிள்ளி எடு. முருங்கையிலை ஆய், பூ ஆய். எனக்கு முன்னால் ஒரு பெட்டி நிறையப் பார்ஸ்லி இலை இருந்தது. ஆயத் தொடங்கினேன்.

மறுபடியும் "ஆய், ஆய்" என்றார். வேகம் காணாது என்று நினைத்து இரண்டு கையாலும் ஆய்ந்தேன். மூன்றாம் முறை குரல் உயர்ந்தது. அதற்குள் பெட்டியில் ஒரு காம்பில்கூட இலை இல்லை. மதாம் கரண்டியோடு வந்து பார்த்தார். இலை மலை மாதிரிக் கிடந்தது. பக்கத்துத் தட்டில் இருந்து ஒரு முழு உள்ளியை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"ஆய்" என்றார்.

பிரெஞ்சில் உள்ளிக்குப் பெயர் ஆய்.

அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மீனிலும் பார்ஸ்லி, இறைச்சியிலும் பார்ஸ்லி. மதாம் ஏசவில்லை. அடுத்த நாள் என்னைத் தொட்டியடியில் இருந்து எடுத்து இலை மேசையில் விட்டார். இந்த வேகத்தில் இலை கிள்ளுகிறவனைச் சட்டி கழுவ விடக் கூடாது என்று சொன்னாராம். கூட வேலை செய்தவர் கையைக் காலைக் காட்டி விளங்கப்படுத்தினார். அந்தக் குசினியில் எனக்குப் பல வருசம் பெயர் "மிஸ்யூ ஆய்". அதாவது உள்ளி ஐயா.

மார்ச் மாதம் வந்தால் மதாமின் தோட்டத்தில் இருந்து பெட்டி பெட்டியாகக் கரடி உள்ளி வரும். சூப்புக்கு, வெண்ணெயில் அரைத்துச் சேர்க்க. அதைப் பிரிப்பது என் வேலை. மதாம் ஒரு விசயத்தில் கடுமை. ஒவ்வொரு பிடியையும் கசக்கி மணந்து பார்க்க வேண்டும். காரணம் முகே என்கிற செடி. மே முதலாம் தேதி இங்கே ஆளுக்கு ஆள் கொடுக்கிற, மணி மாதிரி வெள்ளைப் பூச் செடி. இலை கரடி உள்ளி மாதிரியே இருக்கும். தின்றால் இதயத்தைப் பிடிக்கும்.

என் மூக்கு நல்ல மூக்கு என்று மதாம் கண்டுபிடித்தார். மீன் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். சோஸ் கொதிக்கும்போது கரண்டியை நீட்டி, மணந்து பார் என்பார். உப்புக் காணாது என்று மணத்தில் சொல்வேன். சரியாக இருக்கும். எட்டு வருசத்தில் தொட்டியில் இருந்து இலை மேசை, இலை மேசையில் இருந்து மீன், மீனில் இருந்து சோஸ் அடுப்பு. 2019 இல் சோஸ் அடுப்பு என் பொறுப்பு. பிரெஞ்சு பிழைதான். மூக்குச் சரி.

3

மனைவியும் மகளும் 2013 இல் வந்தார்கள். மகளுக்கு ஐந்து வயது. விமான நிலையத்தில் என்னை மாமா என்று கூப்பிட்டாள். தாய் திருத்தினாள்.

லா சப்பலிலேயே வீடு எடுத்தோம். இரண்டாம் மாடி. குசினி யன்னல் உள்முற்றத்துப் பக்கம். நாலு பக்கமும் உயரமான சுவர். வெயில் கீழே இறங்காது. மனைவி மிளகாய் வைத்தாள், செத்தது. கறிவேப்பிலை வைத்தாள், அதுவும் செத்தது. இதை மதாமிடம் சொன்னேன். கரடி உள்ளிக்கு வெயில் ஆகாது, உன் முற்றம் அதற்கென்றே கட்டினது என்று சொல்லி, 2016 ஆனி மாதம் ஒரு கடித உறையில் விதை தந்தார்.

போட்ட விதம் இது.

விதை கறுப்பு. மிளகைவிடச் சின்னது. பூ காய்ந்து காய் வெடிக்கிற நேரம் எடுத்து, உடனே போட வேண்டும். வைத்துக் காயவிட்டால் முளைக்க இன்னும் சுணங்கும். பெட்டி, லா சப்பல் மீன்கடையில் ஐஸ் போட்டு வருகிற, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி. கேட்டால் தருவார்கள். இரண்டு முறை கழுவினேன். அடியில் கம்பியைச் சூடாக்கி எட்டு ஓட்டை. பாதி கடை மண், பாதி மதாமின் தோட்டத்து உக்கி மண்ணான இலை. விதையைத் தூவி, நகத்தின் உயரத்துக்கு மண் போட்டு, மேலே கொஞ்சம் காய்ந்த இலை. மண் காயக் கூடாது, தண்ணீர் நிற்கவும் கூடாது.

பிறகு ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் கஷ்டம்.

ஊரில் நான் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவன். குமிழை ஊன்றினால் ஒரு கிழமையில் பச்சை தெரியும். எழுபது நாளில் கிண்டி எடுத்துப் பிடி கட்டுவோம். இந்த உள்ளிக்கு முதல் குளிர்காலம் போனது, வசந்தம் வந்தது, ஒன்றும் இல்லை. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மனைவி மேலே யன்னலில் நின்று பார்ப்பாள். "லா சப்பலிலை வெறும் மண்ணை வளர்க்கிற ஆள் நீங்கள் ஒராள்தான்" என்பாள். 

மதாமிடம் கேட்டேன். இரண்டு குளிர்காலம் பொறு என்றார். ஒரு குளிரை இந்த விதை நம்பாதாம்.

4

இடையில் ஒரு கடிதம் வந்தது. கட்டடத்தை நிர்வகிக்கிற அலுவலகம். முற்றத்தில் யாரும் எதுவும் வைக்கக் கூடாது, வைத்தவர்கள் என்ன பொருள் என்று எழுத்தில் விளக்கி அனுமதி கேட்க வேண்டும் என்று இருந்தது.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் பிரெஞ்சு எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு தாளில் எழுதித் தந்தாள். பெரியவரின் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் அதைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதினேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து. ஒரு சின்னச் சொல் விடுபட்டுவிட்டது. அந்த ஆய் தான்.

பதில் வந்தது. முற்றத்தில் ஒரு பெட்டியில் கரடிகள் வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இதுபற்றி நேரில் வந்து விளக்கவும்.

மகள் நிலத்தில் விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அலுவலகக் கடிதம் என்றால் பயம். அகதி விண்ணப்பக் காலத்தில் இருந்து அப்படித்தான். வேலைக்கு அரை நாள் லீவு போட்டு, இருக்கிற நல்ல சேர்ட்டைப் போட்டு, கார்ட், வீட்டு வாடகைத் துண்டு, மின்சாரத் துண்டு எல்லாம் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் பெட்டியின் படத்தைப் பார்த்தார். வெறும் மண். கரடி எங்கே என்று கேட்டார். இன்னும் முளைக்கவில்லை என்றேன்.

அனுமதி தந்தார்.

5

2018 மார்ச்சில் முளைத்தது. புல் மாதிரி ஒரு மெல்லிய இலை. எண்ணினேன், பத்தொன்பது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். இதுக்கே இரண்டு வருசம் என்று கேட்டாள்.

அந்த வருசம் மே முதலாம் தேதி, எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற போர்த்துக்கல் அம்மா பிள்ளைகளுக்கெல்லாம் சின்னச் சட்டியில் வேரோடு ஒரு முகே கொடுத்தார். மகள் தன்னுடையதைக் கொண்டுவந்து என் பெட்டியின் மூலையில் நட்டாள். தனிய நின்றால் செத்துப் போகும் என்றாள். அதைப் பிரெஞ்சில்தான் சொன்னாள். தாயோடு தமிழ், என்னோடு பிரெஞ்சு. ஏன் என்று கேட்டால், உங்களுக்கு விளங்கும்தானே என்பாள். விளங்கும். பாதி.

நஞ்சுச் செடி என்று எனக்குத் தெரியும். உணவகத்தில் அத்தனை வருசம் அதற்குப் பயந்துதானே மணந்து பார்த்தோம். ஆனால் அது பூவோடு நின்றது. பூவோடு நிற்கிற செடியைப் பார்த்தால் பயம் வராது. மகள் தானாக வந்து என்னுடைய பொருள் ஒன்றில் கை வைத்ததும் அதுதான் முதல் தடவை. பிடுங்க மனம் வரவில்லை. கோடையில் இலை மஞ்சளாகி மண்ணுக்குள் போனது. நான் மறந்துபோனேன்.

அடுத்த வசந்தம் உள்ளி அகலமான இலையோடு வந்தது. மூலையில் ஒன்று மற்றவற்றைவிடத் தடிப்பாக நின்றது. பூக்கவில்லை. நல்ல விதை என்று நினைத்தேன். அந்த வருசம் ஒரு இலையும் வெட்டவில்லை. மூன்றாம் வருசம்தான் வெட்டலாம் என்று மதாம் சொல்லியிருந்தார்.

6

மூன்றாம் வருசம் 2020.

மார்ச் நடுவில் கொரோனாவால் உணவகங்களை மூடினார்கள். கடைக்குப் போவதற்கும் தாள் எழுத வேண்டும். பெயர், பிறந்த தேதி, எத்தனை மணிக்கு வெளியே போகிறேன், ஏன் போகிறேன். லா சப்பல் தெருவில் தேங்காய் வாங்கக் கையில் தாளோடு நின்றோம். மூடிய நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல். ஒரு கிழமை படுத்தேன். எழும்பினேன்.

எழும்பிய இரண்டாம் நாள் குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி மற்ற அறையில் இருந்து ஓடி வந்தாள். என் முதுகுக்குப் பின்னால் தாச்சியில் வெங்காயம் கரியாகி, குசினி முழுக்கப் புகை. "என்னப்பா, மூக்கு இல்லையே உங்களுக்கு?" என்று கேட்டாள். யோசனையில் இருந்துவிட்டேன் என்றேன்.

அவள் போன பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தேன். சீரகம், கோப்பித்தூள், மீன் கறித்தூள், சவர்க்காரம். எல்லாம் வெறும் காற்று.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். வேலைதான் காரணம் என்று சொன்னேன். அது உண்மை. மூக்கு இல்லாதவனுக்கு எந்தக் குசினியிலும் சோஸ் அடுப்புத் தர மாட்டார்கள். உணவகம் திறப்பதற்குள் வந்துவிடும், யாருக்கும் தெரியத் தேவையில்லை என்று நினைத்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. 2009 இல் இருந்து என் மூக்கில் ஒரு மணம் இருந்தது. போரின் கடைசி மாதங்களின் மணம். எப்போது வரும் என்று தெரியாது. இறைச்சி கருகினால் வரும். மெத்ரோவுக்குள் சும்மா நின்றாலும் வரும். பதினொரு வருசம் அதோடு இருந்தேன். மனைவிக்கும் சொன்னதில்லை. மற்ற மணத்தோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. காலையில் எழும்பி மூச்சை இழுத்துப் பார்ப்பேன். இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மருந்து கொடுத்து யாரும் அதைத் திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை என்று இருந்தேன்.

இப்படி மூன்று கிழமை போனது.

7

ஏப்ரல் நடுவில் ஒரு மத்தியானம், மரக்கறி முடிந்துவிட்டது என்று மனைவி சொன்னாள். நான் கத்தரிக்கோலோடு கீழே போனேன். பெட்டி நிறைய இலை. நாலு வருசம் பொறுத்த இலை. பழக்கத்தில் ஒவ்வொரு பிடியையும் கசக்கி மூக்கடியில் வைத்தேன். வைத்து என்ன. மூலையில் நின்றது நல்ல உயரம். அதையும் வெட்டினேன். அதில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுச் சப்பினேன். ருசி இல்லை. எனக்கு அப்போது எதிலும் ருசி இல்லை. விழுங்கினேன்.

மனைவி தேங்காய் துருவி வைத்திருந்தாள். இலையைத் தேங்காயோடு வதக்குகிற வறைக்கு. தாச்சியில் எண்ணெய் சூடாகிக்கொண்டிருந்தது. மகள் மேசையில் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. இலையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு பிரெஞ்சில், இது மணக்கவில்லையே, இது என்னுடைய முகே இல்லையா என்று கேட்டாள்.

அந்த நிமிடம்தான் எனக்கு முகே ஞாபகம் வந்தது.

நான் செய்தது இதுதான். மறைக்காமல் எழுதுகிறேன். அவள் கையில் இருந்து இலையை வாங்கினேன். மூக்கில் வைத்து இழுத்தேன். "உள்ளிதான். நல்லா மணக்குது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளக்கம் இல்லை. வாய் சொல்லிவிட்டது. மூன்று கிழமையாகச் சொல்லிப் பழகின பொய். சீரகம் மணக்குது, கறி மணக்குது. அதே வேகத்தில் இதுவும் வந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கணக்குப் போடுகிற பார்வை. அவள் தமிழில், "அப்பா, கண்ணை மூடுங்கோ" என்றாள்.

மூடினேன்.

"இது?"

"உள்ளி."

"இது?"

நல்லாக இழுத்தேன். "இதுவும் உள்ளி. கொஞ்சம் மணம் குறைவு."

கண்ணைத் திறந்தேன். என் மூக்குக்கு முன்னால் அவளுடைய கை விரிந்து இருந்தது.

"அப்பா, என்ரை கையிலை ஒண்டும் இல்லை."

மனைவி அடுப்பை நிறுத்தினாள்.  என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "எப்பயிலை இருந்து?"

"காய்ச்சலோடை."

"வாயிலை வைச்சனீங்களே?"

ஓம் என்றேன்.

மகள்தான் போன் எடுத்தாள். நஞ்சு தின்றவர்களுக்கு ஆலோசனை சொல்கிற இலக்கத்தைத் தேடிப் பிடித்தாள். என் அப்பாவுக்கு ஒன்றும் மணக்காது என்று தொடங்கினாள். பிரெஞ்சில் மணப்பதற்கும் உணர்வதற்கும் ஒரே சொல். அந்தப் பக்கம் இருந்த வைத்தியர் பதறிப்போய், கையா காலா, எந்தப் பக்கம் விறைத்தது என்று கேட்டாராம். மூக்கு, மூக்கு என்று மகள் சொன்னாள். எவ்வளவு தின்றார் என்று கேட்டார்கள். நான் விரல் நகத்தைக் காட்டினேன். அவள் அதைச் சொல்லாக்கினாள். அந்த அளவுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், பின்னேரம் வரை நாடித்துடிப்பை எண்ணுங்கள், குறைந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றார்கள். வறையாக்கி மூன்று பேரும் தின்றிருந்தால் கதை வேறு என்றும் சொன்னார்களாம். அதை மகள் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தாயிடம் சொன்னாள்.

ஒருமுறை சத்தி எடுத்தேன். அது நஞ்சா பயமா தெரியாது. பின்னேரம் வரை கால் மணிக்கு ஒருதரம் மகள் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக் கொப்பியில் எழுதினாள். பிரெஞ்சில்தான் எண்ணினாள்.  அவள் அவ்வளவு நேரம் என் கையைப் பிடித்தது அதற்கு முதல் இல்லை.

8

யூன் மாதம் உணவகம் திறந்தது. மதாமிடம் சொல்லத்தான் வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். மணம் அறிகிற சக்திக்குப் பிரெஞ்சில் தனிச் சொல் இருக்கிறது. லொடொரா. அதைப் பத்துத் தரம் சொல்ல வைத்தாள்.

மதாம் கத்தி தீட்டிக்கொண்டு நின்றார்.  நான் லொடொராவை இழந்துவிட்டேன் என்று சொல்ல வெளிக்கிட்டு, நான் லோடிலை இழந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மதாம் ஒடில் நிமிர்ந்து பார்த்தார். நான் இங்கேதானே நிற்கிறேன் என்றார்.

நான் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அவர் கத்தியை வைத்தார். எப்போதில் இருந்து என்று கேட்டார். மார்ச் என்றேன். இப்போது யூன் என்றார்.  அதற்கு முதல் நாள் நான் போனில் கதைத்தபோது எல்லாம் நலம் என்று சொல்லியிருந்தேன். அதுவும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

சோஸ் அடுப்பு வேறு ஆளிடம் போனது. மீனும் போனது. நான் திரும்ப இலை மேசைக்கு வந்தேன். எட்டு வருசமாக ஏறினதை ஒரு காலையில் இறங்கினேன். யாரும் என்னைக் குறைவாக நடத்தவில்லை. ஆனால் கரண்டியை நீட்டி மணந்து பார் என்று சொல்ல வந்து, மதாம் பாதியில் நிறுத்திய நாட்கள் உண்டு. அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கரடி உள்ளி வந்தால் இப்போது கையால் பிரிக்கிறேன். மச்சானுக்குத் தேவைப்படாது, ஆனாலும் எழுதி வைக்கிறேன். கரடி உள்ளியில் ஒவ்வொரு இலைக்கும் தனித் தண்டு, மண்ணில் இருந்து தனியாக வரும். இலை மெத்தென்று இருக்கும். முகேயில் ஒரே தண்டில் இரண்டு மூன்று இலை, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு வரும். இலை கொஞ்சம் விறைப்பு, பின்பக்கம் மினுங்கும். மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். முதல் இலையைக் கசக்கிய கையில் உள்ளி மணம் ஒட்டிவிடும், பிறகு தொடுகிறதெல்லாம் உள்ளியாகத்தான் மணக்கும். இது மூக்கு இருக்கிறவர்களுக்கு.

முகேயை எறியவில்லை. வேறு சட்டியில், முற்றத்தின் மற்றப் பக்கம் நிற்கிறது. பெட்டியை முழுக்கக் கொட்டி, வேர் வேராகப் பார்த்துப் பிரித்தோம். மகளும் நானும். மனைவி மேலே யன்னலில் நின்று, அந்தா அதிலை ஒண்டு, இந்தா இதிலை ஒண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

9

மகள் எங்கேயோ வாசித்திருக்கிறாள். போன மூக்கைப் பழக்கினால் திரும்ப வருமாம். காலையில் பள்ளிக்கூடம் போக முதல் ஏதாவது ஒன்றை என் மூக்கடியில் பிடிப்பாள். எலுமிச்சை, கோப்பி, கராம்பு. நான் இல்லை என்பேன். சரி என்று போய்விடுவாள். கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். ஒவ்வொரு நாளும் இல்லை. அவள் சலிக்கவில்லை. நானும் ஒருநாள்கூட ஓம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

2021 மார்ச். உணவகங்கள் மறுபடி மூடியிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டியில் இலை வந்துவிட்டது. மகள் கீழே போய் ஒரு இலை வெட்டிக்கொண்டு வந்து, கசக்கி, என் முன்னால் பிடித்தாள்.

மூச்சை இழுத்தேன். மணந்தது.

உள்ளி இல்லை. அந்த மணம். எரிந்த கூடாரத் தறப்பாள், எரிந்த சீலை, உப்புத் தண்ணீர், மற்றது. ஒரு வருசம் இல்லாமல் இருந்தது, வாசல் தட்டாமல் உள்ளே வந்து நின்றது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என் முகத்தைக் கண்டுவிட்டாள். "மணக்குதா?" என்று கேட்டாள். தமிழில். அவள் கண்ணில் அவ்வளவு ஆசை. உள்ளி என்று சொல்லியிருக்கலாம். அவள் துள்ளியிருப்பாள். தாயைக் கூப்பிட்டிருப்பாள். மதாமுக்குப் போன் எடுக்கச் சொல்லியிருப்பாள்.

"மணக்குது. உள்ளி இல்லை" என்றேன். "எரிஞ்ச மணம்."

அவளுக்கு அதுவே போதும். முதலில் பிழையான மணம்தான் வருமாம், அதுவும் நல்ல அடையாளமாம். என்ன எரிந்த மணம், அடுப்பில் கருகின பாணா, பிளாஸ்ரிக்கா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன்.

"தெரிஞ்ச மணமா?"

"ஓம்."

"எங்கத்தைய மணம்?"

மனைவி தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீரை நிறுத்தினாள். திரும்பவில்லை.

 மகளே கண்டுபிடித்தாள். 2009 என்று வருசத்தைச் சொன்னாள். ஓம் என்றேன்.

"நானும் அங்கை நிண்டனானே?"

"நிண்டனி. ஒரு வயசு. என்ரை தோளிலை."

அவள் இலையை மேசையில் வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள். கதிரை ஒன்றை இழுத்து எனக்கு நேரே போட்டு அதில் இருந்தாள். மனைவியும் ஈரக் கையோடு வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள்.

"சொல்லுங்கோ அப்பா" என்றாள். "மெதுவாச் சொல்லுங்கோ. எனக்குச் சில தமிழ் விளங்காது."

மெதுவாகச் சொன்னேன்.